பிள்ளைகள் நாவல் படித்து ஓட்டுப் போடும் திட்டம்: பட்டியல் போடுவதிலிருந்து ஓட்டு எண்ணுவது வரை

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குப் பத்து நாவல்களைக் கொடுத்துப் படிக்க வைத்து, வருடக் கடைசியில் ஓட்டு வைத்து, 'எங்களுக்கு ரொம்பப் பிடித்த நாவல்' என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லப் போகிறார்கள். பட்டியலை யார் போடுவது, ஓட்டுப் போட எத்தனை புத்தகம் படித்திருக்க வேண்டும், எப்படி எண்ணுவது என்று மூன்று கேள்விகள். நான்காவதாக, கொஞ்சம் தயங்கிக் கேட்டது: பிள்ளைகள் ஏதாவது சுமாரான புத்தகத்தை ஜெயிக்க வைத்துவிட்டால் என்ன செய்வது?

அந்த நான்காவதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அதற்கு ஒரு பதிலை மனதில் வைத்துக்கொள்ளாமல் இறங்கினால் மற்ற மூன்றையும் எவ்வளவு ஒழுங்காகச் செய்தாலும் பிரயோஜனம் இல்லை. பிள்ளைகளுக்கு மோப்ப சக்தி அதிகம். முடிவு வந்த அன்று டீச்சர் முகம் லேசாகச் சுருங்கினால் போதும், அடுத்த வருடம் தங்களுக்குப் பிடித்த புத்தகத்துக்குப் போடாமல் டீச்சருக்குப் பிடிக்கும் புத்தகத்துக்குப் போடுவார்கள். அது ஓட்டெடுப்பே இல்லை.

பெரியவர்களின் தேர்வும் பிள்ளைகளின் தேர்வும் விலகிப் போவது புதிதும் இல்லை, விபத்தும் இல்லை. அமெரிக்காவில் சிறந்த சிறுவர் நூலுக்கான நியூபெரி பதக்கம் 1922 முதல் கொடுக்கப்படுகிறது, தேர்ந்தெடுப்பவர்கள் நூலகர்கள். 1952இல் வெளிவந்த, ஒரு சிலந்திக்கும் பன்றிக்குட்டிக்கும் உள்ள நட்பைச் சொல்லும் 'சார்லட்ஸ் வெப்' நாவலுக்கு அந்தப் பதக்கம் கிடைக்கவில்லை. அடுத்த நிலை மரியாதையோடு சரி. அந்த வருடம் பதக்கம் வாங்கிய நாவலைப் பற்றி இன்று எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று பாருங்கள், சிலந்தியும் பன்றிக்குட்டியும் இன்னும் எல்லா லைப்ரரியிலும் இருக்கின்றன. இங்கிலாந்தில் 1997இல் முதல் ஹாரி பாட்டர் நாவல் வந்தபோதும் கிட்டத்தட்ட இதே கதைதான். சிறுவர் நூல்களுக்கு நூலகர்கள் தரும் கார்னகி பதக்கம் வேறு நாவலுக்குப் போனது. ஆனால் குழந்தைகள் ஓட்டுப் போடும் 'சில்ட்ரன்ஸ் புக் அவார்ட்', பெரியவர்கள் போட்ட பட்டியலிலிருந்து குழந்தைகள் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று முடிவு செய்த ஸ்மார்ட்டீஸ் பரிசு, இந்த இரண்டும் அந்தப் புத்தகத்துக்கு வந்தன. அப்போது அதை எழுதியவரை யாருக்கும் தெரியாது.

இதைச் சொன்னவுடன் 'பார்த்தீர்களா, குழந்தைகள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்' என்று கிளம்பிவிடாதீர்கள். குழந்தைகள் மட்டமானதையும் தேர்ந்தெடுப்பார்கள், அட்டையில் டைனோசர் இருந்தது என்பதற்காகவே ஓட்டுப் போட்டதை நானே பார்த்திருக்கிறேன். அதற்கு வழி ஒன்றுதான். எந்தப் புத்தகம் ஜெயித்தாலும் உங்களால் மனதாரக் கை தட்ட முடியும் என்கிற புத்தகங்களை மட்டும் பட்டியலில் வையுங்கள். உங்கள் அதிகாரம் அங்கேயே முடிந்துவிட வேண்டும், அதற்குப் பிறகு வாயைத் திறக்கக் கூடாது.

சரி, இப்படி ஓட்டெடுப்பு நடத்துவது எங்கிருந்து வந்தது என்றும் ஒரு வார்த்தை. அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்த வகையில் மிகப் பழையது 1940இல் தொடங்கிய 'யங் ரீடர்ஸ் சாய்ஸ் அவார்ட்'. அதை ஆரம்பித்து வைத்தவர் ஒரு புத்தகக் கடைக்காரர், சியாட்டில் நகரத்து ஹாரி ஹார்ட்மேன். பிள்ளைகளுக்கு உண்மையில் எது ஓடுகிறது, எது அலமாரியில் தூசு படிகிறது என்று கடைக்காரருக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்குத் தெரியும்? பிறகு கேன்சஸ், டெக்சஸ், ஆஸ்திரேலிய மாநிலங்கள், கனடாவின் ஒன்டாரியோ என்று ஒவ்வொரு இடமாக அவரவர் விதிகளோடு இது பரவியது. உங்கள் கேள்விகளில் பாதிக்கு இந்த விதிகளிலேயே பதில் இருக்கிறது, போகப் போகச் சொல்கிறேன்.

முதலில் பட்டியல். பொதுவாக என்ன நடக்கிறது? நான்கு ஆசிரியர்கள் உட்கார்ந்து, தாங்கள் சின்ன வயதில் படித்து உருகிய புத்தகங்களையும், 'பிள்ளைகள் கண்டிப்பாகப் படிக்க வேண்டிய' புத்தகங்களையும் எழுதுவார்கள். சுற்றுச்சூழலுக்கு ஒன்று, நேர்மைக்கு ஒன்று, தேசபக்திக்கு ஒன்று. அது நாவல் பட்டியல் இல்லை, நீதி போதனை வகுப்பின் கால அட்டவணை. கடைசிப் பக்கத்தில் தாத்தா பாடம் சொல்லப் போகிறார் என்பது பிள்ளைகளுக்கு மூன்றாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

நான் செய்து பார்த்ததில் உருப்படியாக நடந்த முறை இது. பெரியவர்கள் முப்பது நாவல் வரை சேர்த்து ஒரு நெடும்பட்டியல் போடுகிறார்கள். இந்த இடத்தில் மட்டும் உங்கள் ரசனையைத் தாராளமாகக் காட்டலாம். முப்பதையும் பழுப்புத் தாளில் அட்டை போட்டு மூடிவிட வேண்டும், பெயர், எழுதியவர், படம் எதுவும் தெரியக் கூடாது. எண் மட்டும். போன வருடம் ஓட்டுப் போட்ட பிள்ளைகளில் பன்னிரண்டு பேரை அழைத்து (முதல் வருடம் என்றால் சும்மா ஆர்வமாக வருகிற பன்னிரண்டு பேர், அவர்களில் நான்கு பேராவது 'எனக்குப் படிக்கவே பிடிக்காது' என்கிற ரகமாக இருக்க வேண்டும், இது முக்கியம்) ஒவ்வொரு புத்தகத்திலும் முதல் அத்தியாயத்தை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். ஒரே கேள்வி: மேலே படிப்பாயா, மாட்டாயா? முப்பதையும் எல்லோரும் பார்க்க வேண்டியதில்லை, ஒரு புத்தகத்தை ஐந்தாறு பேர் பார்த்தால் போதும்.

இப்படிச் செய்தபோது, நான் உயிரைக் கொடுத்துச் சிபாரிசு செய்த ஒரு நாவலுக்கு ஆறில் ஐந்து பேர் 'மாட்டேன்' என்று எழுதியிருந்தார்கள். ஒரு பையன் பக்கத்திலேயே காரணமும் எழுதியிருந்தான்: 'பதினோரு பக்கம் ஆச்சு, இன்னும் மழை பெய்யுது.' எடுத்துப் பார்த்தேன். உண்மைதான், பதினோரு பக்கமாக மழைதான் பெய்துகொண்டிருந்தது. எனக்கு அது அழகாகப் பட்டது, அவனுக்கு நனைந்ததுதான் மிச்சம்.

அப்படிச் சலித்து வந்த பத்தோ பன்னிரண்டோ புத்தகங்களில் பெரியவர்கள் பார்க்க வேண்டியது கலவை மட்டும். நூறு பக்கத்துக்குள் முடிகிற ஒன்றிரண்டு வேண்டும், முந்நூறு பக்கம் தாண்டுகிற ஒன்றாவது வேண்டும். சிரிக்க வைப்பது, பயமுறுத்துவது, அழ வைப்பது, வேறு மொழியிலிருந்து வந்தது எல்லாம் இருக்கட்டும். தொடர் நாவல்களில் நடுப் பாகத்தை வைக்கவே வைக்காதீர்கள், முதல் பாகம் மட்டும்தான். அப்புறம், கூடிய மட்டும் புதிய புத்தகங்களாக எடுங்கள். பல பரிசுகளில் கடந்த சில வருடங்களில் வந்தவை மட்டும் என்று விதியே இருக்கிறது. ரொம்பப் பிரபலமான பழைய நாவலுக்கு அப்பா அம்மாவின் சிபாரிசு ஏற்கெனவே கூடவே வரும், சினிமா வேறு வந்திருக்கும். புதிய நாவலைப் பற்றி வீட்டில் யாருக்கும் அபிப்பிராயம் இருக்காது, பிள்ளைதான் முதல் ஆள்.

ஆஸ்திரேலியாவின் சில மாநிலப் பரிசுகளில் முதலில் புத்தகத்தின் பெயரைச் சொல்வதிலிருந்தே எல்லாம் பிள்ளைகள்தான். அந்த அளவுக்கு முதல் வருடமே போக வேண்டாம், மூன்றாவது வருடம் முயன்று பாருங்கள்.

ஒரு கறாரான விதி மட்டும்: பட்டியலில் உள்ள ஒவ்வொரு நாவலையும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்திருக்க வேண்டும். பின்னட்டையைப் படித்ததெல்லாம் கணக்கில்லை. என்றாவது ஒரு நாள் ஒரு பெற்றோர் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, '142ஆம் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறதே, என் பிள்ளைக்கு இதைத்தான் கொடுக்கிறீர்களா?' என்று வந்து நிற்பார். அப்போது அந்தப் பக்கம் கதையில் ஏன் வருகிறது என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். சொல்லிவிட்டு, 'உங்கள் பிள்ளைக்கு வேண்டாம் என்றால் வேறொன்றை எடுக்கட்டும், பத்தில் எதுவுமே கட்டாயம் இல்லை' என்றும் சொல்லுங்கள். அவர் பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. மற்ற பிள்ளைகளின் கையிலிருந்து எடுக்க உரிமை இல்லை. இதை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால் பாதிச் சண்டை மிச்சம்.

வயதைப் பற்றி ஒன்று. ஐந்தாம் வகுப்பையும் எட்டாம் வகுப்பையும் ஒரே பெட்டியில் ஓட்டுப் போட வைக்காதீர்கள். பத்து வயதுப் பிள்ளைக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் நடுவில் இருப்பது மூன்று வருடம் இல்லை, ஒரு கடல். பெரிய பையன்கள் தங்களுக்குப் பிடித்திருந்தாலும் 'அது சின்னப் பசங்க புத்தகம்' என்று தள்ளிவிடுவார்கள். நான் மேலே சொன்ன இங்கிலாந்தின் 'சில்ட்ரன்ஸ் புக் அவார்ட்' மூன்று பிரிவாகத்தான் நடக்கிறது: குட்டிப் பிள்ளைகளுக்கு, இளம் வாசகர்களுக்கு, பெரிய பிள்ளைகளுக்கு. உங்களுக்கு இரண்டு பிரிவு போதும். பத்து நாவலையும் ஐந்து ஐந்தாகப் பிரித்தால் தேர்வுக்கு இடம் இருக்காது, அதனால் பிரிவுக்கு ஆறு வைத்து, இரண்டு புத்தகங்களை இரண்டு பிரிவுக்கும் பொதுவாக வைக்கலாம். மொத்தம் பத்துதான் வரும்.

இப்போது யாருமே யோசிக்காத இடத்துக்கு வருகிறேன். பிரதிகள். ஓட்டு முடிவைத் தீர்மானிப்பது பாதி நேரம் கதை இல்லை, எத்தனை பிரதி இருந்தது என்பதுதான்.

முதல் வருடம் நான் செய்த தப்பு இது. ஒரு நாவல் எட்டுப் பிரதி நன்கொடையாக வந்தது, சந்தோஷமாக வாங்கி வைத்தேன். மற்றவை இரண்டு மூன்று. ஒரே ஒரு நாவல், 380 பக்கம், ஒற்றைப் பிரதி. ஓட்டு எண்ணி முடித்து எட்டுப் பிரதி நாவல் ஜெயித்தது என்று அறிவித்தவுடன் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி மேசைக்கு வந்தாள். 'சார், அந்தப் பெரிய புக்குக்கு நான் நவம்பர்ல பேர் கொடுத்தேன். இன்னும் என் முறையே வரலை.' சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்று சாயங்காலம் இரவல் அட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணினேன். ஓட்டுப் போட்டவர்கள் 60 பேர். ஜெயித்த நாவலைப் படித்தவர்கள் 48 பேர், அதற்கு ஓட்டுப் போட்டவர்கள் 19 பேர். அந்தத் தடித்த நாவலைப் படித்தவர்கள் 11 பேர்தான், அதில் 9 பேர் அதற்கே போட்டிருந்தார்கள். எது பிடித்த நாவல், நீங்களே சொல்லுங்கள்.

அதனால் கணக்கை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். 60 பிள்ளைகள், ஆளுக்கு நான்கு புத்தகம் என்றால் 240 தடவை புத்தகம் கை மாற வேண்டும். ஒருவர் கையில் இரண்டு வாரம், மொத்தம் இருபது வாரம் என்றால் ஒரு பிரதி பத்துக் கைகளுக்குப் போகலாம். இது காகிதக் கணக்கு. பரீட்சை, லீவு, காய்ச்சல், 'வீட்டில் மறந்துட்டேன் சார்', தம்பி கிழித்தது எல்லாம் போக ஏழு கைகளுக்குப் போனால் பெரிய விஷயம். 240ஐ ஏழால் வகுத்தால் 34, பத்து நாவலுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் மூன்று அல்லது நான்கு பிரதி. எல்லாவற்றிலும் ஒரே எண்ணிக்கை இருக்க வேண்டும், தடித்த புத்தகத்தில் மட்டும் ஒன்று கூடுதலாக வையுங்கள், அது மெதுவாகத்தான் திரும்பி வரும். யாராவது ஒரே நாவலில் எட்டுப் பிரதி கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கி நான்கைப் பீரோவில் பூட்டிவிடுங்கள், ஓட்டு முடிந்ததும் எடுக்கலாம். அத்தனை பிரதி வாங்க வழியில்லை என்றால் நாவல்களைக் குறையுங்கள், பிரதிகளைக் குறைக்காதீர்கள். ஒற்றைப் பிரதியாகப் பத்து நாவல் வைப்பதைவிட நான்கு பிரதியாக ஆறு நாவல் வைப்பது எவ்வளவோ மேல்.

எத்தனை படித்தால் ஓட்டு? டெக்சஸின் புளூபானட் பரிசில் இருபது புத்தகங்களில் குறைந்தது ஐந்து படித்திருக்க வேண்டும். ஒன்டாரியோவின் சில்வர் பிர்ச் பரிசில் பத்தில் ஐந்து. பிரான்சில் 1988 முதல் நடக்கும் 'கோன்கூர் தே லிசெயன்' (மாணவர்கள் தரும் கோன்கூர் பரிசு) இன்னொரு எல்லை: ஏறத்தாழ இரண்டாயிரம் மேல்நிலைப் பள்ளி மாணவர்கள், நாவலுக்கான பிரான்சின் பெரிய பரிசான, பெரியவர்கள் தரும் கோன்கூருக்கான அதே பட்டியலை, ஒரு டஜனுக்கு மேற்பட்ட நாவல்களை, இரண்டே மாதத்தில் படிக்கிறார்கள். அது பெரிய பிள்ளைகளுக்கு, ஆசிரியர் கூடவே இழுத்துக்கொண்டு ஓடும் வகுப்புகளுக்கு. உங்களுக்கு அது வேண்டாம். ஒன்று படித்தால் போதும் என்றால் படித்த அந்த ஒன்றுக்கே போடுவார்கள், ஒப்பிட எதுவும் இருக்காது. எட்டு என்றால் புத்தகப் புழுக்கள் மட்டும் மிஞ்சுவார்கள், அவர்களுக்கு உங்கள் திட்டமே தேவையில்லை. பிரிவுக்கு ஆறு நாவல் என்றால் மூன்று போதும், நான்கு நல்லது.

படித்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வினாடி வினா வைக்காதீர்கள், தயவுசெய்து. நாயின் பெயர் என்ன, எந்த ஊர், எத்தனை அண்ணன் தம்பி என்று கேட்க ஆரம்பித்த நிமிடமே நாவல் பாடப்புத்தகம் ஆகிவிடும். மதிப்பெண்ணும் வேண்டாம், 'கதைச் சுருக்கம் ஒரு பக்கம்' என்பதும் வேண்டாம். புத்தகத்தைத் திருப்பித் தரும்போது நின்றபடியே இரண்டு நிமிடம் பேசுங்கள். எந்த இடத்தில் மூடி வைக்க மனசு வரவில்லை, யார் மேல் கோபம் வந்தது, இந்த மாதிரி. ஒரு பையனிடம் அப்படிக் கேட்டபோது, 'சார், நான் ஒழுங்கா படிக்கலை, அந்த நாய் செத்துடுமோன்னு பயமா இருந்துச்சு, கடைசிப் பக்கத்தை முதல்லயே பார்த்துட்டேன்' என்று குற்றவாளி மாதிரி ஒப்புக்கொண்டான். அவனைவிட ஒழுங்காக அந்த நாவலை யார் படித்திருக்க முடியும்? பொய் சொல்கிற ஒன்றிரண்டு பேர் இருக்கத்தான் செய்வார்கள், விட்டுவிடுங்கள். இரண்டு கள்ள ஓட்டுக்குப் பயந்து அறுபது பேருக்குப் பரீட்சை வைக்க முடியாது.

பாதியில் விட்டால்? பிரெஞ்சு எழுத்தாளர் தானியல் பென்னாக் 1992இல் வாசகனின் உரிமைகள் என்று பத்தை எழுதினார், அதில் மூன்றாவது உரிமை புத்தகத்தை முடிக்காமல் இருப்பது. அதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள், முகத்தில் வரும் நிம்மதியைப் பார்க்கலாம். ஆனால் விட்ட புத்தகத்தைப் படித்ததாக எண்ணக் கூடாது. அதற்குப் பதிலாக இரவல் அட்டையில் எந்தப் பக்கத்தில் விட்டாய் என்று எழுதச் சொல்லுங்கள். ஒரு நாவலில் ஒன்பது பேர் விட்டிருந்தார்கள், அதில் ஐந்து பேர் 40ஆம் பக்கத்துக்கும் 60ஆம் பக்கத்துக்கும் இடையில். திறந்து பார்த்தால் அங்கேதான் கதை திடீரென்று பாட்டியின் இளமைக் காலத்துக்குப் போகிறது, யார் பேசுகிறார்கள் என்றே பிடிபடவில்லை. அடுத்து அந்தப் புத்தகத்தை வாங்க வந்தவர்களிடம், 'நாற்பதாம் பக்கத்தில் கதை பின்னால் போகும், இருபது பக்கம் பொறுத்துக்கொள்' என்று ஒரு வார்த்தை சொன்னேன். அதற்கப்புறம் விட்டவர்கள் ஒரே ஒருவர்.

காதால் கேட்டால் படித்ததாகுமா என்றும் கேட்பார்கள். ஆகும். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் பிள்ளைக்கு ஒலிப்புத்தகமோ, அக்கா வாசித்துக் காட்டுவதோ எல்லாம் படிப்புதான். ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. வகுப்பில் ஆசிரியர் ஒரு நாவலை முழுதாக வாசித்துக் காட்டினால் அதை எல்லோரும் 'படித்த' மாதிரி ஆகிவிடும், நல்ல குரல் உள்ள ஆசிரியர் என்றால் அந்த நாவல் ஜெயித்தே தீரும். ஆகவே எல்லா நாவல்களிலும் முதல் அத்தியாயத்தை மட்டும், ஒரே ஆள் வாசிக்கட்டும். மீதி அவரவர் பாடு.

ஓட்டுக்கு முன்னால் ஒரு வாக்குவாதம் வையுங்கள், இந்தத் திட்டத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. கோன்கூர் தே லிசெயனில் வெறுமனே கையைத் தூக்கி எண்ணுவதில்லை. ஒவ்வொரு வகுப்பும் விவாதித்துத் தனக்குப் பிடித்தவற்றைத் தேர்ந்தெடுத்து ஒரு பிரதிநிதியை அனுப்புகிறது, பிரதிநிதிகள் மறுபடியும் உட்கார்ந்து விவாதித்துக் கடைசி முடிவுக்கு வருகிறார்கள். அப்படி வந்த முடிவு பெரும்பாலும் பெரியவர்களின் கோன்கூரிலிருந்து வேறுபட்டே இருக்கும். 1995இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்த்ரே மகீனின் ஒரு நாவலே இரண்டு பரிசையும் வாங்கியது, அதை இன்றும் அதிசயமாகச் சொல்கிறார்கள். நீங்கள் ஒவ்வொரு நாவலுக்கும் ஒரு பிள்ளையை வக்கீலாக நிற்க வையுங்கள், ஆளுக்கு மூன்று நிமிடம். எதிர்த்துப் பேச யார் வேண்டுமானாலும் எழலாம், ஆனால் முழுதாகப் படித்தவர்கள் மட்டும். பெரியவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து வாயை மூடிக்கொள்ள வேண்டும், சிரிப்பு வந்தாலும்.

வாக்குவாதம் முடிந்த அன்றே ஓட்டு வைக்கக் கூடாது. வைத்தால் நன்றாகப் பேசியவர் ஜெயிப்பார், நாவல் இல்லை. இரண்டு நாள் கழித்து வையுங்கள், மறைவாக, மடித்துப் போடும் சீட்டில். கை தூக்கச் சொன்னால் வகுப்பில் செல்வாக்குள்ள ஒருவனின் கையைப் பார்த்துத்தான் மற்ற கைகள் எழும்.

எண்ணும் முறை. இதைப் பற்றி நான் தேவைக்கு அதிகமாகவே யோசித்தவன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஓர் ஓட்டு என்றால் அதிகம் பேர் படித்தது ஜெயிக்கும், மெலிதான புத்தகம் ஜெயிக்கும், மேலே பார்த்தோமே. முதல் மூன்று இடத்துக்கு 3, 2, 1 என்று புள்ளி போடுவது இன்னொரு முறை. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சின் போர்தா சொன்ன வழியின் சின்ன வடிவம் அது. கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் படிக்காத புத்தகத்துக்கு யாரும் புள்ளி போட மாட்டார்கள், ஆகவே குறை அப்படியே இருக்கிறது. எனக்கு ஒத்து வந்தது இது: பிள்ளை தான் படித்த ஒவ்வொரு நாவலுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்புப் போடட்டும், படிக்காததற்கு எதிரே ஒரு கோடு. நாவலுக்கு நாவல் சராசரி எடுங்கள். ஆனால் இரண்டே பேர் படித்து இருவரும் ஐந்து போட்டால் சராசரி ஐந்து வந்துவிடும், அது கூத்து. எனவே ஓட்டுப் போட்டவர்களில் நான்கில் ஒரு பங்கு பேராவது படித்த நாவல்தான் போட்டியில் இருக்கும் என்று ஒரு விதி. என் முதல் வருடத்துத் தடித்த நாவலை 11 பேர்தான் படித்தார்கள், இந்த விதிப்படி 15 பேர் வேண்டும், அதுவும் வெளியேதான் நின்றிருக்கும். ஆகவே இது பிரதிகள் ஒழுங்காக இருந்தால்தான் நியாயமான விதி.

கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளைகள் இருந்தால் இன்னொன்றும் செய்யச் சொல்லுங்கள். எந்த இரண்டு நாவலை எடுத்தாலும், இரண்டையும் படித்தவர்களில் எதற்கு மதிப்பு அதிகம் என்று மட்டும் பார்ப்பது. கொந்தோர்சே என்கிற இன்னொரு பிரெஞ்சுக்காரரின் வழி. பத்து நாவலுக்கு 45 ஜோடி, ஆறுக்கு 15தான். சில சமயம் முதல் நாவல் இரண்டாவதை வெல்லும், இரண்டாவது மூன்றாவதை வெல்லும், மூன்றாவது திரும்பி வந்து முதல் நாவலை வெல்லும். அது வந்த அன்று ஏழாம் வகுப்பு முழுக்கக் கரும்பலகை முன்னால் நின்று, 'சார் தப்பா கூட்டிட்டீங்க' என்று என்னிடம் சண்டை போட்டது. நான்கு தடவை கூட்டினோம். தப்பு இல்லை.

எண்ணுவது பிள்ளைகள்தான், எல்லோர் முன்னாலும், கரும்பலகையில் நான்கு கோடும் குறுக்கே ஒன்றுமாக. முதல் மூன்று இடங்களை மட்டும் அறிவியுங்கள். கடைசி இடத்தைச் சுவரில் ஒட்டுவதால் யாருக்கும் லாபம் இல்லை, அந்த நாவலை ரொம்பப் பிடித்த ஏதோ ஒரு பிள்ளை அந்த அறையில்தான் உட்கார்ந்திருக்கும். ஜெயித்த நாவலை எழுதியவருக்குப் பிள்ளைகளே கடிதம் எழுதட்டும், திருத்தாமல் அனுப்புங்கள், எழுத்துப் பிழையோடு.

கடைசியாகச் சீட்டு. முன்பக்கத்தில் நாவல்களின் பெயர்கள் அகரவரிசையில் வேண்டாம், ஒவ்வொரு சீட்டிலும் வரிசையை மாற்றி அச்சடியுங்கள், மேலே இருப்பதற்குக் கை தானாகப் போகும். பின்பக்கத்தில் ஒரே ஒரு வரிக்கு இடம் விட்டு, 'இந்தப் பட்டியலில் இல்லாத, இருந்திருக்க வேண்டிய நாவல் எது?' என்று கேளுங்கள். அடுத்த வருடத்து நெடும்பட்டியலை அதிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஒரு வருடம் அந்த இடத்தில் ஒருத்தி, 'நான் எழுதிக்கிட்டு இருக்கேன், இன்னும் முடிக்கலை' என்று எழுதியிருந்தாள்.